அணியில் பெரிய தவறு நடந்துவிட்டால்: பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

வருவாய் மாவட்ட அளவிலான கபடிப் போட்டிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. அணியின் முதன்மையான ரைடர் (எதிரணிக் களத்துக்குள் பாடிச் செல்பவன்), உடை மாற்றும் அறையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் காதில் ரத்தம் வரும்படி அடித்துவிட்டான் என்று ஒருவர் ஓடிவந்து சொல்கிறார். அந்த நொடியில் உங்கள் மனத்தில் முதலில் எழுவது அடிபட்ட பையனின் முகமா, போட்டி அட்டவணையா? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்: பலமுறை எனக்கு அட்டவணைதான் முதலில் வந்தது. அது மனித இயல்பு. அதை வெட்கப்பட்டு மறைப்பதைவிட, அது வரும் என்று தெரிந்துகொண்டு, அது முடிவைத் தீர்மானிக்காதபடி வேலையை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்வதுதான் பயன் தரும். இந்த வழிகாட்டி அதற்காகவே எழுதப்பட்டது.

பயிற்சிக்குத் தாமதமாக வருவது, ஜெர்சியை வீட்டில் மறந்துவிட்டு வருவது, ஆட்டத்தில் தோற்ற கோபத்தில் பந்தை உதைப்பது ஆகியவற்றை நான் இங்கே பேசவில்லை. இன்னொருவரைக் காயப்படுத்துவது, இளைய மாணவரை மிரட்டி அவமானப்படுத்துவது, சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது, பாலியல் தொல்லை, மது அல்லது போதைப்பொருள், நடுவரைத் தாக்குவது போன்றவற்றையே பெரிய தவறு என்கிறேன். வயதுச் சான்றிதழில் மோசடி செய்வதையும் இதில் சேர்க்கலாம். ஆனால் பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் மீசை முளைத்த பையன் ஆடுகிறான் என்றால், அந்தத் தவறைச் செய்தவர் பெரும்பாலும் அந்தப் பையன் அல்லர். அவனைக் களத்தில் இறக்கிய பெரியவர்கள்தான்.

முதல் ஒரு மணி நேரம்

முதல் கடமை அடிபட்ட குழந்தைக்கு. காயம் இருந்தால் மருத்துவமனை, பெற்றோருக்குத் தொலைபேசி, தலைமையாசிரியருக்குத் தகவல் என்ற வரிசையில் வேலை நடக்கட்டும். ‘சின்ன அடிதான், வீட்டில் சொல்ல வேண்டாம்’ என்று அந்தப் பையனிடம் நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டால், அதற்குப் பின் நீங்கள் நடத்தும் எந்த விசாரணையையும் அவன் நம்பமாட்டான். இரண்டாவதாக, சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியாகப் பிரித்து உட்கார வையுங்கள். மூன்றாவதாக, கேள்விப்பட்ட நேரம், சொன்னவர், நீங்கள் நேரில் கண்டது ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் உடனே எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து எழுதும் குறிப்பில் மற்றவர் சொன்னதும் நீங்கள் ஊகித்ததும் கலந்துவிடும்.

செய்யக் கூடாத ஒன்றை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், அணியில் இருந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வீங்கிய உதட்டோடு மைதானத்துக்கு வந்தான். நான் விசில் ஊதி எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, அவனை முன்னால் நிற்க வைத்து, “யாருடா செஞ்சது? இப்பவே சொல்லு” என்று உரத்த குரலில் கேட்டேன். அவன் வரிசையை ஒருமுறை பார்த்தான். பிறகு என் காலணியைப் பார்த்துக்கொண்டு, “யாரும் இல்ல சார், படியில விழுந்துட்டேன்” என்றான். நானும் விட்டுவிட்டேன். அடித்தவர்கள் மூவர் என்பதும், மூவருமே அந்த வரிசையில் என் வலப்புறம் நின்றிருந்தார்கள் என்பதும் இரண்டு மாதம் கழித்து, அந்தப் பையன் அணியைவிட்டு நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவனிடம் உண்மையைக் கேட்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வதைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில் அவனை நிறுத்தியிருந்தேன்.

சம்பவத்தை யாராவது கைபேசியில் படம் பிடித்திருந்தால், அதை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது பாலியல் தன்மையுள்ள காட்சி என்றால், ‘எனக்கு அனுப்பு’ என்று கேட்பதே உங்களுக்குச் சட்டச் சிக்கலாக முடியும். அந்தக் கைபேசியைத் தலைமையாசிரியர் முன்னிலையில் ஒப்படைக்கச் செய்து, காவல்துறையிடம் சேர்ப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

எது உங்கள் கையில் இல்லை

பயிற்சியாளர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். ‘நம்ம பசங்க, நாமே பேசித் தீர்த்துக்கலாம்’ என்ற எண்ணம் நல்ல மனத்திலிருந்தே வருகிறது. ஆனால் சில விஷயங்களில் அது சட்டப்படி குற்றம். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, சிறப்புச் சிறார் காவல் பிரிவிடம் அல்லது உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. தெரிவிக்கத் தவறுபவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். செய்தவனும் மாணவன்தான் என்பதால் இந்தக் கடமை நீங்கிவிடாது. இரு தரப்புப் பெற்றோரையும் அழைத்துச் சமரசம் பேசி, ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது யாருக்கும் பாதுகாப்பு ஆகாது. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால், குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய இரண்டு உதவி எண்களும் இருக்கின்றன. அந்த இரண்டு எண்களையும் விளையாட்டு அறைச் சுவரில் எழுதி வைத்திருப்பது நல்லது. மாணவர்களே அவற்றை அழைக்கலாம்.

இளைய மாணவர்களை மூத்தவர்கள் மிரட்டுவதை ‘பழக்கம்தானே, நாங்களும் பட்டோம்’ என்று பேசுபவர்கள், தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே பகடிவதை (ராகிங்) தடைச் சட்டம் ஏன் வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பின்னர் வந்த சட்டம் அது. உடலுக்குத் தீங்கு விளைவிப்பது மட்டுமின்றி, அச்சமோ வெட்கமோ உண்டாக்கும் செயலையும் அது பகடிவதை என்கிறது. புகார் வந்தால் கல்வி நிறுவனத்தின் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். புறக்கணித்தால் அவரே குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்படுவார். ஆகவே நீங்கள் வாய்வழியாகச் சொல்லிவிட்டு நின்றுவிடாமல், தலைமையாசிரியருக்கு எழுத்துமூலம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். அது அவரைச் சிக்கவைக்கும் வேலை அன்று. அவரையும் காக்கும் வேலை.

சாதி பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிக் குறிகள் ஆகியவற்றை அணிவதற்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. களத்தில் மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றச் சொல்வதற்கு நமக்குப் பாதுகாப்புக் காரணமே போதும். ஆனால் கயிறு கழன்றாலும், யார் யாருடைய தண்ணீர் பாட்டிலைத் தொடுவதில்லை, வேனில் யார் பக்கத்தில் யார் உட்காருவதில்லை என்பதைப் பார்க்கும் கண் உடற்கல்வி ஆசிரியருக்குத்தான் உண்டு. வகுப்பாசிரியருக்கு இவை தெரிவதில்லை. சாதி சொல்லித் திட்டியதை ‘ஆட்ட வேகத்தில் வந்த வார்த்தை’ என்று நீங்களே சமாதானம் எழுதிவிடாதீர்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரக்கூடிய செய்தி அது. அது வருமா வராதா என்பதை முடிவு செய்யும் இடத்தில் நாம் இல்லை.

போதைப்பொருளைப் பொறுத்தவரை ஒரே குறிப்பு. குழந்தைக்குப் புகையிலை, மது, போதைப்பொருள் கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. ஆகவே பையனின் பையில் பொட்டலம் கிடைத்தால், ‘யார் கொடுத்தது’ என்ற கேள்வி ‘ஏன் வைத்திருந்தாய்’ என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டும்.

விசாரணை

காவல்துறைக்குப் போக வேண்டியவை போன பிறகு எஞ்சுவதைப் பள்ளி விசாரிக்கும். தலைமையாசிரியர் அமைக்கும் குழுவில் நீங்கள் தகவல் தருபவராக இருக்கலாம்; தலைவராக இருக்க வேண்டாம். அந்தப் பையனை மூன்று ஆண்டு வளர்த்தவர் நீங்கள். சாய்வு இருக்கத்தான் செய்யும். மாணவர்களை ஒவ்வொருவராக, இன்னொரு ஆசிரியர் உடன் இருக்கும்போது, கதவு திறந்திருக்கும் அறையில் கேளுங்கள்; மாணவியர் என்றால் ஆசிரியை ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ‘அவன்தானே அடித்தான்?’ என்று கேட்காமல், ‘பயிற்சி முடிந்ததிலிருந்து என்ன நடந்தது, சொல்’ என்று கேட்டு, சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் அதே பொறுமையோடு காது கொடுங்கள். அவனுடைய பெற்றோர் வந்த பிறகு கேட்பது நல்லது. மிரட்டி எழுதி வாங்கும் மன்னிப்புக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

விசாரணை முடியும்வரை அவன் பயிற்சியிலும் போட்டியிலும் இருக்கக் கூடாது. இதை அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: “இது தண்டனை இல்லை. என்ன நடந்தது என்று தெரியும்வரை நீயும் அவனும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.” அடிபட்டவனை ‘கொஞ்ச நாள் வராதே’ என்று வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அடித்தவனை ஆடவைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அதைவிடக் கேவலமான தீர்வு எனக்குத் தெரியாது. விசாரணையை இரண்டு மூன்று நாளுக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். போட்டி முடியும்வரை இழுப்பது என்பது வேறு பெயரில் மன்னித்துவிடுவதுதான்.

களத்தில் நடந்த தவறாக இருந்தால், நடுவர் அட்டை காட்டிவிட்டார், அதோடு சரி என்று எண்ணக் கூடாது. கபடியில் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை இரண்டு நிமிட வெளியேற்றம், சிவப்பு அட்டை அந்த ஆட்டத்திலிருந்தே நீக்கம். இவை ஆட்டத்தைக் காப்பதற்கான விதிகள். நடுவரின் சட்டையைப் பிடித்தவன் பள்ளிக்குச் சொல்ல வேண்டிய பதில் தனியாக இருக்கிறது.

பெயரைப் பார்க்காமல் முடிவெடுப்பது

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதி இதுதான். தொடக்கத்தில் சொன்ன ரைடரைப் போன்ற ஒருவனின் விஷயம் ஒருமுறை எங்கள் பள்ளியில் வந்தது. விசாரணை முடிந்த மாலை, தலைமையாசிரியரின் அறையில் உட்கார்ந்து, “ரெண்டு மேட்ச் உட்கார வெச்சுடலாம் மேடம். பையனுக்கும் ஒரு பயம் வந்த மாதிரி இருக்கும்” என்றேன். அவர் மேசை மீதிருந்த அணிப் பட்டியலை எடுத்து, பன்னிரண்டாவது பெயரின் மேல் பேனாவை வைத்தார். “இவன் செஞ்சிருந்தா என்ன சார் சொல்லியிருப்பீங்க?” என்று கேட்டார். அந்தப் பன்னிரண்டாவது ஆள் அந்த ஆண்டில் களத்தில் மொத்தமாக ஐந்து நிமிடம்கூட ஆடியிருக்க மாட்டான். நான் யோசிக்காமலே, “இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேனாவை மெதுவாக நகர்த்தி முதல் பெயருக்குக் கொண்டுபோனார். அந்த ஆண்டு நாங்கள் வருவாய் மாவட்ட அளவில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினோம்.

அதன் பிறகு நான் கடைப்பிடித்த முறை எளியது. ஆண்டுத் தொடக்கத்தில், குறுவட்டப் போட்டிகளுக்கு அணியைத் தேர்வு செய்வதற்கு முன்பே, எந்தத் தவறுக்கு அணியில் என்ன விளைவு என்று ஒரே பக்கத்தில் எழுதி, தலைமையாசிரியர், பெற்றோர், மாணவர் ஆகிய மூவரின் கையெழுத்தையும் வாங்கிவிட வேண்டும். அப்போது யார் செய்யப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அளவு சரியாக அமையும். அப்படி ஒரு தாள் இல்லாத நிலையில் தவறு நடந்துவிட்டால், நடந்ததை ‘மாணவர் அ’, ‘மாணவர் ஆ’ என்று எழுதி, அணியை அறியாத வேறோர் ஆசிரியரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். போட்டி அட்டவணையை முடிவு எழுதி முடித்த பிறகு திறந்து பாருங்கள்.

உங்கள் அதிகாரம் எதுவரை என்பதையும் மறக்க வேண்டாம். அணியில் இடம், தலைவர் பொறுப்பு, வெளியூர்ப் பயணம் ஆகியவை உங்கள் எல்லைக்குள் வரும். வகுப்பிலிருந்து நீக்குவது, தேர்வெழுத விடாமல் தடுப்பது, மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்புவது ஆகியவை வராது. எட்டாம் வகுப்பு முடிக்காத குழந்தையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவே சொல்கிறது. சென்ற ஆண்டு வென்ற போட்டியின் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் தவறு. அது அவன் ஏற்கெனவே உழைத்துப் பெற்றது. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது தேவைப்படும்.

அடிப்பதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆனால் பிரம்பைத் தொடாத பலரும் ‘கிரவுண்டை இருபது சுற்று ஓடு’, ‘முட்டி போடு’, ‘நூறு தோப்புக்கரணம்’ என்பதைத் தண்டனையாகவே கருதுவதில்லை. மே மாத வெயிலில் இருபது சுற்று என்பது உடல் தண்டனைதான். சட்டத்தை விடுங்கள், ஓட்டத்தை விரும்பச் சொல்லிக்கொடுப்பதற்காகச் சம்பளம் வாங்கும் நாமே, ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் நம் பாடத்தின் மதிப்பு என்ன ஆகும்?

அணி முழுவதையும் தண்டிக்கலாமா

2013 செப்டம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ரூசவெல்ட் என்ற சிற்றூரின் யூனியன் உயர்நிலைப் பள்ளியில், கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் மேட் லாப்ரம் தம் அணியின் எண்பது மாணவர்களிடமிருந்தும் ஜெர்சியைத் திரும்ப வாங்கிவிட்டார். அந்த ஊரில் கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். இணையத்தில் ஒரு மாணவர் துன்புறுத்தப்பட்டதாகப் புகார் எழுந்திருந்தது, சிலர் வகுப்புகளைத் தவிர்த்தார்கள், ஆசிரியர்களை மதிக்கவில்லை. பயிற்சிக்குப் பதிலாகச் சமூகப் பணி, படிப்பு நேரம், நன்னடத்தை வகுப்பு, சொந்த வீட்டில் குடும்பத்துக்குச் செய்த உதவி ஆகியவற்றின் மூலமே ஜெர்சியைத் திரும்பப் பெறலாம் என்று அறிவித்தார். தவறு அணியின் பொதுப் பழக்கமாகவே ஆகிவிட்டபோது இந்த வழி பொருந்தும் என்றே நினைக்கிறேன். அவர் கேட்டவற்றில் உடலை வருத்துவது எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆனால் செய்தவன் யாரென்று தெரிந்திருக்கும்போது எல்லாரையும் தண்டிப்பது சோம்பேறித்தனம். காட்டிக்கொடுத்தவன் யார் என்று அணி தேடத் தொடங்கும், அந்தத் தேடல் அடிபட்ட பையனிடம்தான் போய் முடியும்.

அடுத்த ஆண்டே, 2014 அக்டோபரில், நியூ ஜெர்சி மாநிலத்தின் சேயர்வில் உயர்நிலைப் பள்ளியில், உடை மாற்றும் அறையில் மூத்த ஆட்டக்காரர்கள் இளையவர்களைத் துன்புறுத்தியதாகப் புகார் வந்தபோது, அந்தப் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் அந்த ஆண்டின் எஞ்சிய ஆட்டங்களை முழுவதுமாக ரத்து செய்தார். ஏழு மாணவர்கள் மீது வழக்குப் பதிவானது. இதில் நமக்குப் பாடம் ரத்து அன்று, அந்த அறைதான். பயிற்சி முடிந்ததும் நாம் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போகும் பதினைந்து நிமிடம், பந்துகளும் வலைகளும் குவிந்து கிடக்கும் அந்த இருட்டறையில் பெரியவர் ஒருவரும் இருப்பதில்லை. அந்த நேரத்தில் கதவருகே நிற்பது உங்கள் வேலைப் பட்டியலில் இருக்கட்டும்.

அழுத்தங்கள்

முடிவு வெளியானதும் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். ஜெர்சி வாங்கிக் கொடுத்த பழைய மாணவர் பேசுவார். வார்டு உறுப்பினர் பேசுவார். “அவன் எதிர்காலமே போயிடும் சார்” என்று தாய் அழுவார். தாயிடம் மட்டும் நேரம் எடுத்துப் பேசுங்கள். அவரிடம் அவர் மகனைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். அடிபட்ட பையனைப் பற்றியோ மற்றவர்களுக்கு என்ன தண்டனை என்றோ ஒரு சொல்லும் கூடாது. மற்றவர்களுக்கு, “தலைமையாசிரியர் கையெழுத்திட்ட முடிவு, நான் பேசுவதற்கில்லை” என்ற ஒரே வாக்கியம் போதும். உள்ளூர்ச் செய்தியாளர் கேட்டால் எந்தப் பையனின் பெயரையும் சொல்லாதீர்கள். வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தையும் பாதிக்கப்பட்ட சிறாரின் அடையாளத்தையும் ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது.

திரும்பி வரும் வழி

எப்போது, எந்த நிபந்தனையில் திரும்பலாம் என்று சொல்லாத தண்டனை, பையனைத் தெருவுக்கு அனுப்பும். தேதியைக் குறிப்பிடுங்கள். வாரம் ஒருமுறை அவன் சந்தித்துப் பேச ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள்; அது நீங்களாக இல்லாமலிருப்பது நலம். இடைப்பட்ட காலத்தில் அவனுக்கு வேலை கொடுக்கலாம். பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்குப் புள்ளி எழுதுவது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது ஆகியவை விளையாட்டோடு அவனைக் கட்டி வைக்கும். கழிப்பறை கழுவச் சொல்வது, அசெம்பிளியில் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்வது ஆகியவை அவமானம் மட்டுமே. அடிபட்டவன் விரும்பினால் மட்டுமே நேரில் மன்னிப்பு. அவன் வேண்டாம் என்றால் அது அவன் உரிமை, ‘பெருந்தன்மையா இருடா’ என்று நெருக்கக் கூடாது. தலைவர் பொறுப்பு அந்த ஆண்டில் திரும்பக் கூடாது. அவன் திரும்பும் நாள் போட்டி நாளாக இல்லாமல் ஒரு சாதாரணப் பயிற்சி நாளாக இருக்கட்டும்.

அடிபட்டவனை ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, பருவ இறுதியில் என மூன்று முறையாவது தனியே விசாரியுங்கள். ‘எல்லாம் சரியா இருக்குதா?’ என்று கேட்டால் ‘சரி சார்’ என்றுதான் பதில் வரும். ஆகவே கேட்பதோடு நிற்காமல் பாருங்கள். எங்கள் ரைடரிடம் அடி வாங்கிய பையன் அணியைவிட்டு நிற்கவில்லை. ஆனால் வீட்டிலேயே ஜெர்சியை மாட்டிக்கொண்டு வந்தான், பையை மைதானத்து வேப்பமரத்தடியில் வைத்தான், பயிற்சி முடிந்ததும் அப்படியே சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அறைக்குள் வரவே இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அறையில் மாலையில் விளக்கு எரியவும், நான் கதவருகே நிற்கவும் ஏற்பாடு செய்துகொண்டேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் ஒரு மாலை, அவனுடைய நீல நிறப் பை உள்ளே மூன்றாவது ஆணியில் தொங்கியது. குறிப்பேட்டில் அந்தச் சம்பவத்துக்காக ஒதுக்கியிருந்த பக்கத்தைத் திருப்பி, கீழே அன்றைய தேதியை எழுதினேன்.